நம்ம ஊருக்கு எதுக்குங்க ஹீட்டர்?

"நம்ம ஊருக்கு எதுக்குங்க ஹீட்டர்? ரெண்டு ஓஸையும் சேத்து பைபாஸ் பண்ணிட்டா முடிஞ்சுது வேலை!"

பழைய வண்டி வச்சிருக்கற யாரா இருந்தாலும் ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. கேக்கறதுக்கு எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க. சித்திரை வெயில்ல தார் உருகற ஊர்ல எவனாவது ஹீட்டர் போடுவானா? நானும் தலையை ஆட்டினவன்தான். அப்படி ஆட்டினதுக்கு எங்க வீட்டுக்கு ஆன செலவு நாப்பதாயிரத்துச் சொச்சம். அதனால இன்னைக்கு இந்த வசனத்தைப் பிரிச்சு மேயறதுன்னு முடிவு பண்ணியாச்சு.

வழக்கமா கவிதைங்கற பேர்ல இம்சை பண்றவன் திடீர்னு கிரீஸ் கையோட வந்து நிக்கறானேன்னு ஓடிடாதீங்க மக்களே. வண்டி இல்லாதவங்களும் படிக்கலாம்.

முதல்ல கதை.

எங்க ஊர் திருப்புலிவனம். காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற ரோட்டுல, உத்திரமேரூருக்குக் கொஞ்சம் முன்னாடி. அக்கா வீட்டுக்காரர் சாமியானா பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடறார். அதுக்கு 2011 மாடல் டபுள் கேபின் பிக்கப் ஒண்ணு. பின்னாடி அண்டா குண்டா, கேபினுக்குள்ள பந்தல் போடற பசங்க. ஏசி உண்டு. ஏசியோட சேத்து ஹீட்டரும் உண்டு. ஆனா அப்படி ஒரு சமாச்சாரம் வண்டியில இருக்குன்னே ரொம்ப வருஷம் எங்களுக்குத் தெரியாது. (கம்பெனி பேரெல்லாம் வேணாம். அவங்க மேல தப்பு எதுவும் இல்ல.)

போன வருஷம் தை மாசம். விடிகாலை நாலு மணி, காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணத்துக்கு லோடு. மாமா ஓட்டறார், நான் பக்கத்துல. ரோட்டுல பனி. முன் கண்ணாடி உள்பக்கம் மங்கிக்கிட்டே வருது. துண்டால துடைச்சா இன்னும் மோசம், எண்ணெய் தடவின மாதிரி இழுபடுது. எதிர்ல வர்ற லைட் வெளிச்சம் பட்டா மொத்தக் கண்ணாடியும் வெள்ளை. கேபின்ல வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி ஒரு வாசனை வேற. "பின்னாடி எவனோ அதிரசம் வச்சிருக்கான் மச்சான்"னு மாமா சிரிக்கறார். அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள முன்னாடி கரும்பு ஏத்தின டிராக்டர். டிரெய்லர் பின்னாடி ஒரு சிவப்பு விளக்கு கூட இல்ல. பிரேக் அடிச்சு நின்னப்ப கரும்புக்கும் எங்க கண்ணாடிக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். பின்சீட்ல தூங்கிட்டிருந்த நாலு பேர்ல ஒருத்தன் எங்க அக்கா பையன்.

டிராக்டருக்கு விளக்கு இல்லாதது தனிப் பதிவு. இன்னைக்கு கண்ணாடி ஏன் மங்குச்சுங்கறது மட்டும்.

ஹீட்டர் கோர்னா என்ன?

இன்ஜினைச் சுத்தி ஓடற தண்ணி சூடாகும். அதை ஆற வைக்க முன்னாடி ரேடியேட்டர் இருக்கு. அதே சூட்டுத் தண்ணியில கொஞ்சத்தை ரெண்டு ஓஸ் வழியா கேபினுக்குள்ள கொண்டுவந்து, டேஷ்போர்டுக்கு அடியில ஒரு குட்டி ரேடியேட்டர் வழியா ஓட விடுவாங்க. அதான் ஹீட்டர் கோர். ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். காத்து அது வழியாப் போனா சூடான காத்து, போகலைன்னா இல்ல. நிறைய வண்டிகள்ல குமிழைக் குளிர்ச்சியில வச்சிருந்தாலும் கோர் உள்ள தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதாவது நீங்க ஹீட்டரைத் தொடவே இல்லைன்னாலும் அது தேஞ்சுக்கிட்டுதான் இருக்கு.

அந்தக் கோர்ல ஊசித்துளை விழுந்தா சூடான கூலன்ட் ஆவியா கேபினுக்குள்ள வரும். கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் கண்ணாடியில படிஞ்சு பிசுபிசுக்கும். அதிரச வாசனையும் அதுதான்.

"ஏசி தண்ணிங்க"

மறுநாளே மெக்கானிக் கிட்ட போனோம். பக்கத்து டவுன், பேர் வேண்டாம். இடது பக்கம் மிதியடி ஈரமா இருந்துச்சு. அவர் குனிஞ்சு கூடப் பாக்கலை. "ஏசி தண்ணிண்ணே, டிரெயின் பைப் அடைச்சிருக்கும்." ஊதி விட்டார். நூறு ரூபா.

ஏசி தண்ணியா கூலன்ட்டான்னு கண்டுபிடிக்க என்ஜினியரிங் படிக்க வேண்டாம்யா. வெள்ளைத் துணியால ஒத்தி எடுங்க. ஏசி தண்ணிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, விரல்ல தேச்சா சாதாரணத் தண்ணி. கூலன்ட் பச்சையாவோ சிவப்பாவோ இருக்கும், வழுவழுன்னு இருக்கும், இனிப்பா மணக்கும். (நாக்குல வச்சுப் பாக்காதீங்க சாமி. விஷம் அது. சிறுநீரகத்தைக் காலி பண்ணிடும்.) மழை பெஞ்ச அன்னைக்கு மட்டும் ஈரம்னா அது கண்ணாடிக்கு அடியில இருக்கற மழைத்தண்ணி வழி அடைப்பு, கோர் மேல பழி போடாதீங்க.

அடுத்து, வண்டிக்கு அடியில ஒரு சொட்டு கூட இல்லாம கூலன்ட் டப்பா மட்டும் குறையுதா? ரெண்டு மூணு இடத்துல சந்தேகம் வரணும். ஒண்ணு ஹீட்டர் கோர். இன்னொண்ணு ஹெட் கேஸ்கெட், அதாவது தண்ணி இன்ஜினுக்குள்ளயே போகுது. இன்ஜின் ஆயில் பால் காப்பி நிறத்துல இருக்கா, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காம வருதான்னு பாக்கணும். மூணாவது, ஓஸ் மாட்டற இடத்துல கிளிப் லூசாகி அங்கிருந்து தண்ணி உள்பக்கம் வழியலாம். அது இருபது ரூபா வேலை, அதுக்குப் போய் டேஷ்போர்டைக் கழட்டக் கூடாது.

இதையெல்லாம் ஊகமா சொல்லாம சோதிச்சே சொல்லலாம். இன்ஜின் ஆறின பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கற இடத்துல சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கருவியை மாட்டி, மூடியில எழுதியிருக்கற அழுத்தத்துக்குக் காத்து அடிக்கணும். அதுக்கு மேல போகக் கூடாது. முள்ளு இறங்கினா எங்கயோ ஒழுகுது. அப்புறம் ஹீட்டருக்குப் போற ரெண்டு ஓஸையும் இறுக்கிப் பிடிச்சுட்டு மறுபடி அடிக்கணும். இப்ப முள்ளு இறங்காம நின்னா ஒழுகறது ஹீட்டர் பக்கம்னு முடிவு. கால் மணி நேர வேலை. எங்க மெக்கானிக் கிட்ட அந்தக் கருவி சுவத்துல மாட்டியே இருந்துச்சு. எடுக்கலை. அனுபவம் பேசுதாம்!

பைபாஸ்

ஒரு வாரத்துல மறுபடி அதிரச வாசனை, மறுபடி போனோம். இந்தத் தடவை கோர்தான்னு ஒத்துக்கிட்டார். உடனே அந்தப் பொன்மொழி. "நம்ம ஊருக்கு எதுக்குங்க ஹீட்டர்?"

இந்த வசனத்துல மூணு பொய் ஒளிஞ்சிருக்கு.

பொய் ஒண்ணு: ஹீட்டர்னா குளிருக்கு. கிடையாது. கண்ணாடி உள்பக்கம் மங்கறது நம்ம மூச்சுக்காத்து ஈரம். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும், ரெண்டும் சேந்தாதான் மங்கல் சீக்கிரம் போகும். வெறும் ஏசிக் காத்தை கண்ணாடி மேல அடிச்சா கண்ணாடி ஜில்லுனு ஆகி, நம்ம கடலோர ஈரக்காத்துக்கு வெளிப்பக்கம் மங்க ஆரம்பிக்கும். ஐப்பசி மழையில இதை அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். அப்புறம், கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற மலையில லோடோட ஏறும்போது சூட்டு முள்ளு எகிறினா, ஏசியை அணைச்சுட்டு ஹீட்டரை முழுசாத் திறந்து ஃபேனைக் கடைசி வேகத்துல வைப்பாங்க. இன்ஜின் சூட்டுல கொஞ்சம் கேபினுக்கு வந்துடும். நமக்கு வேர்த்துக் கொட்டும், இன்ஜின் தப்பிக்கும். கூலன்ட் இருக்கற வரைக்கும் இந்த வைத்தியம் வேலை செய்யும்.

பொய் ரெண்டு: பைபாஸ்ங்கறது ஒரு ரிப்பேர். கிடையாது. நடு ராத்திரி, நடு ரோடு, கோர் புடுங்கிக்கிச்சு, அப்ப ரெண்டு ஓஸையும் ஒண்ணா சேத்து வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வர்றது புத்திசாலித்தனம். நானே செய்வேன். அது கால்ல கட்டற துணி. துணியைக் கட்டிட்டு "காயம் ஆறிடுச்சு, ஃபீஸ் குடு"ன்னு கேக்கறதுதான் அநியாயம். அதுலயும் சில பேர் ரெண்டு ஓஸையும் சேக்காம தனித்தனியா அடைச்சு வச்சுடறாங்க. சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கறதுக்கு முன்னாடி தண்ணி சுத்தற பாதையில இந்த ஹீட்டர் வழியும் ஒரு பங்கு. அங்க அடைச்சா ஓட்டமே கெடும். எங்க வண்டியில சேத்துதான் வச்சார். ஆனா சேத்தது எதை வச்சு? தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சற ஓஸ் துண்டு!

பொய் மூணு: வேலை முடிஞ்சுது. முடியலை. அங்கதான் ஆரம்பிச்சுது.

பங்குனி முகூர்த்தம். முழு லோடு. வழியில அந்தத் தோட்டத்து ஓஸ் சூடு தாங்காம வாயைப் பிளந்துடுச்சு. மொத்தத் தண்ணியும் ரோட்டுல. மாமா முள்ளைப் பாத்துட்டேதான் ஓட்டினார். அது நடுவுலயே நின்னுச்சு. இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்: தண்ணி சுத்தமா காலியானா, சென்சாரைச் சுத்தி தண்ணி இல்லாததால முள்ளு சரியாக் காட்டாம ஏமாத்தலாம். வண்டி இழுக்கலை, நாத்தம் அடிச்சுதுன்னு நிறுத்தறதுக்குள்ள ஹெட் வளைஞ்சு கேஸ்கெட் போயிடுச்சு. கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வேற வண்டியில போச்சு. மாமா அன்னைக்கு வாங்கின திட்டு இருக்கே... அதை எழுதினா பதிவு மாடரேஷன்ல போயிடும்.

இப்ப என் பக்கம் திரும்பறேன்

இவ்வளவு நேரம் மெக்கானிக்கைத் திட்டினதுல உங்களுக்கும் எனக்கும் ஒரு சந்தோஷம். ஆனா கோர் ஏன் ஓட்டையாச்சு? இந்தக் கேள்வியை அவரும் கேக்கலை, நாங்களும் கேக்கலை. ஹெட் வேலை முடிஞ்ச பிறகு, காஞ்சிபுரத்துல ரேடியேட்டர் வேலை பாக்கற ஒரு பெரியவர்தான் கேட்டார். பழைய கோரைக் கழட்டி எங்க முன்னாடியே அறுத்துக் காட்டினார். உள்ள பாத்ததும் மாமா மூஞ்சி தொங்கிடுச்சு.

வெள்ளைச் சுண்ணாம்பு. துருச்சேறு. நடுவுல மஞ்சள்.

சுண்ணாம்பு என் வேலை. ஞாயித்துக்கிழமை வண்டியைக் கழுவும்போது போர் தண்ணியை ஒரு சொம்பு ரேடியேட்டர்ல ஊத்தறது நான்தான். வீட்டுல வெந்நீர் அண்டா உள்பக்கம் வெள்ளையா படியுதே, அதேதான் கோர் குழாய்லயும் படிஞ்சிருக்கு. குடிக்கற தண்ணிக்கே இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது, வேற தண்ணியே கிடைக்கலைன்னா 600 வரைக்கும். எங்க போர் தண்ணியில சோப்பு போட்டா நுரையே வராது. அதை அலுமினியக் கோருக்குள்ள ஊத்தியிருக்கேன். தண்ணியில இருக்கற குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்ல இருக்கற அரிப்புத் தடுப்பு மருந்தை நான் ஊத்தின ஒவ்வொரு சொம்பும் நீர்த்துப் போக வச்சிருக்கு.

மஞ்சள் மாமா வேலை. ரேடியேட்டர் ஒழுகினா மஞ்சள் தூள் போடறது நம்ம டிரைவருங்க பரம்பரை வைத்தியம். ரெண்டு வருஷம் முன்னாடி போட்டிருக்கார். ஓட்டை அடைஞ்சது நிஜம். ஆனா மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய்னு தெரியுமா? எங்க சந்து சின்னதா இருக்கோ அங்க போய் உக்காரும். வண்டியிலேயே சின்னச் சந்து ஹீட்டர் கோர்ல.

ஆக கோர் ஒழுகினது எங்க தண்ணிக்கு வந்த நோட்டீஸ். முதல்ல செத்தது மெல்லிசான பார்ட், அடுத்து ரேடியேட்டர், அடுத்து வாட்டர் பம்பு. பைபாஸ் பண்ணினது நோட்டீஸைக் கிழிச்சுப் போட்ட கதை. என் வாதமே இதுதான். ஒரு பார்ட் கெட்டா "இது தேவையா"ன்னு கேக்காதீங்க, "ஏன் கெட்டுச்சு"ன்னு கேளுங்க. முதல் கேள்வி காசை மிச்சம் பண்ற மாதிரி காட்டும், ரெண்டாவது கேள்விதான் நிஜமா மிச்சம் பண்ணும்.

மாத்தறதா இருந்தா

பெரியவர் செஞ்ச வரிசையை அப்படியே சொல்றேன். மெக்கானிக் கிட்ட வண்டியை விடறவங்க இதைக் கேட்டு வாங்கலாம்.

1. இன்ஜின் முழுசா ஆறின பிறகுதான் மூடியைத் திறந்தார். பழைய கூலன்ட்டை வாளியில பிடிச்சு மூடி வச்சார். கால்வாய்ல விட்டா இனிக்குதேன்னு நாய் குடிச்சு சாகும்.

2. பேட்டரி வயரைக் கழட்டினார். எங்க வண்டியில ஏர்பேக் இல்ல. உங்க வண்டியில இருந்தா அதுக்குன்னு தெரிஞ்சவங்களை வச்சுக் கழட்டுங்க.

3. ஏசி பெட்டியும் ஹீட்டர் பெட்டியும் ஒண்ணாவே இருந்ததால கேஸை எடுக்க வேண்டி வந்துச்சு. மிஷின் வச்சிருக்கறவரைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுக்க வச்சார். "புஸ்ஸு"னு காத்துல விடலை.

4. கோர் குழாய்ல பழைய ஓஸ் ஒட்டிக்கிட்டு வரலை. முறுக்கி இழுக்காம ஓஸை நீளவாக்குல கீறி எடுத்தார். முறுக்கினா குழாய் நெளிஞ்சிடும். ஓஸ், கிளிப் எல்லாம் புதுசு.

5. புதுக் கோர் மாட்டறதுக்கு முன்னாடியே இன்ஜின், ரேடியேட்டர் ரெண்டையும் நல்லா அலசி, சுத்தமான தண்ணி வர்ற வரைக்கும் விட்டார். இதை விட்டுட்டா பழைய சேறு மொத்தமும் புதுக் கோர்ல போய் உக்காரும்.

6. பாதிக்குப் பாதி கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர். (பேட்டரிக்கு ஊத்தற தண்ணி. ஆசிட் இல்லைங்கோ!) ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுல வச்சு, உள்ள மாட்டின காத்து போற வரைக்கும் ஓட விட்டார்.

7. இதுதான் முக்கியம். டேஷ்போர்டை மூடறதுக்கு *முன்னாடி* அழுத்தச் சோதனை. மூடின பிறகு ஒழுகினா மறுபடி முழு நாள் வேலை.

கோர் விலை ஆயிரத்து எண்ணூறு. கூலி, கேஸ், கூலன்ட் எல்லாம் சேத்து ஒம்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. இதை தை மாசமே செஞ்சிருந்தா ஹெட் வேலைக்கு அழுத நாப்பதாயிரம் பையில இருந்திருக்கும்.

பித்தளைக் கோர் இருக்கற ரொம்பப் பழைய வண்டின்னா ஈயம் வச்சுப் பத்த வைக்க ஆள் இன்னும் கிடைப்பாங்க. இப்ப வர்ற அலுமினியக் கோருக்கு அது சரிப்படாது, மாத்தறதுதான் வழி.

குடத்துல போடற பேர்

எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரம் போனா உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921-ம் வருஷத்தது. குடவோலைத் தேர்தல்னு பாடப் புத்தகத்துல எல்லாரும் படிச்சதுதான். வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரையும் அவன் நெருங்கின சொந்தக்காரங்க பேரையும் குடத்துல போடக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி!

மெக்கானிக்குக்கும் எனக்கு அதே விதிதான். எங்க ஒழுகுதுன்னு சோதிச்சுக் காட்டாதவர், கழட்டின பார்ட்டைக் கையில குடுக்காதவர், பைபாஸ் பண்ணினா அது தற்காலிகம்னு வாயால சொல்லாதவர், இவங்க பேர் என் குடத்துல கிடையாது. பெரியவர் பேர் மட்டும் இருக்கு.

இது பழைய வண்டிக்காரங்க புலம்பல்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர் அறிவிப்புப்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகற, மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளோட கேபினுக்கு ஏசி கட்டாயம். வெந்து சாகற டிரைவர்களுக்கு நல்ல காரியம். ஆனா டேஷ்போர்டுக்கு அடியில பெட்டி வந்துட்டா, அதுல பல வண்டிகள்ல ஹீட்டர் கோரும் சேந்தே வரும். பத்து வருஷம் கழிச்சு அந்த லாரிக்காரங்க கிட்டயும் யாராவது ஒருத்தர் குனிஞ்சு பாக்காமலே சொல்லப் போறார்: "நம்ம ஊருக்கு எதுக்குங்க..."

அப்ப அந்த டிரைவர் திருப்பிக் கேக்கணும். "அது இருக்கட்டும் அண்ணே, ஏன் ஒழுகுச்சு?"

அக்கா பையன் இப்பவும் பின்சீட்லதான் தூங்கிட்டு வர்றான். கண்ணாடி பளிச்சுனு இருக்கு. ரேடியேட்டர் பக்கத்துல சொம்போட யார் போனாலும் மாமா குச்சியை எடுக்கறார். போன ஞாயிறு பழக்க தோஷத்துல போனது நான்தான் :-)

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, அடி வாங்கினவன். எல்லா மெக்கானிக்கும் இப்படின்னும் சொல்ல வரலை. "மஞ்சள் தூள் போட்டு பத்து வருஷம் ஓட்டினேன்"னு சொல்ல வர்றவங்க தாராளமா பின்னூட்டத்துல சொல்லுங்க. கூடவே உங்க கோரை அறுத்து ஒரு போட்டோவும் போடுங்க.